ஜப்பானைப் பார் என்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேடைப் பேச்சாளர்களே, பத்தி எழுத்தாளர்களே, தன்முன்னேற்றப் பயிலரங்கு நடத்துபவர்களே,



1905-இல் ரஷ்யாவை ஜப்பான் வீழ்த்திய நாள்தொட்டு நம் மேடைகளுக்கு ஜப்பான் கைகொடுத்து வருகிறது. பட்டமளிப்பு விழாவா, வணிகர் சங்க ஆண்டு விழாவா, புத்தகக் கண்காட்சிச் சொற்பொழிவா, எங்கே போனாலும் "ஜப்பானைப் பாருங்கள்" என்று ஒரு வரி வந்துவிடும். அடுத்து வருவது கேட்பவர்களுக்கு மனப்பாடம். வாளேந்திய சாமுராய்களின் நாடு ஒரே தலைமுறையில் ரயில், பள்ளி, ஆலை, படை என்று நிமிர்ந்து நின்றதாம். மேலிருந்து ஒரு சொல் வந்தால் கீழே மறுசொல் கிடையாதாம். நாமோ எதற்கெடுத்தாலும் கொடி பிடிக்கிறோம், அப்புறம் உருப்படுவது எங்கே என்று முடிப்பீர்கள். நாங்களும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

ஜப்பானை உதாரணம் காட்டாதீர்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ஓர் ஆண்டையாவது முழுசாகச் சொல்லுங்கள். எந்த ஆண்டு என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்: 1872, பேரரசர் மெய்ஜியின் பெயரிலான காலக் கணக்கில் ஐந்தாம் ஆண்டு. நீங்கள் அடுக்கும் சாதனைகளில் பாதி அந்த ஓர் ஆண்டில் தொடங்கியவை. முதல் ரயில் ஓடியது. நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வந்தது. தொமியோகா பட்டாலை திறந்தது. கட்டாயப் படைச்சேவை அறிவிக்கப்பட்டது. நிலத்தை விற்கவும் வாங்கவும் 1643 முதல் இருந்த தடை நீங்கியது. பழைய நாட்காட்டி ஒழிந்தது. பௌத்தத் துறவிகள் மணம் செய்துகொள்ளலாம், இறைச்சி உண்ணலாம் என்று அரசே அறிவித்தது. புனித மலைகளில் பெண்கள் ஏறக் கூடாது என்ற விலக்கு போனது. யோகோஹாமாவில் எரிவாயு விளக்கு எரிந்தது.

பட்டியலைக் கேட்டாலே மலைப்பாக இருக்கும். இனி, இவற்றுக்கு உத்தரவு போட்டவர் யார், பணம் கொடுத்தவர் யார், மறுத்தவர் யார், பிறகு அந்த உத்தரவுகள் என்ன ஆயின என்று வரிசையாகப் பார்ப்போம். மேடையில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

முதலில் ஆட்சியில் யார் இருந்தார்கள்? நாட்டின் பெரிய தலைகளில் பாதிப் பேர் அந்த ஆண்டு ஜப்பானிலேயே இல்லை. இவாக்குரா தொமோமியின் தலைமையில் கிதோ தகாயோஷி, ஓகுபோ தோஷிமிச்சி, இத்தோ ஹிரோபூமி எல்லாரும் 1871 டிசம்பரில் யோகோஹாமாவில் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள். மேலைநாடுகளோடு முன்பு செய்த ஒப்பந்தங்கள் ஜப்பானின் கையைக் கட்டிப்போட்டிருந்தன. சுங்க வரியைக்கூடத் தன் விருப்பப்படி கூட்ட முடியாது. அவற்றைத் திருத்த முடியுமா என்று பார்ப்பது பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. வாஷிங்டனில் பேச்சு நடந்தது, பலிக்கவில்லை. நடுவில் முறையான அதிகாரப் பத்திரம் வேண்டும் என்று தெரிந்து ஓகுபோவும் இத்தோவும் பசிபிக்கைக் கடந்து ஊருக்கு வந்து, மறுபடி வாஷிங்டன் போக வேண்டியதாயிற்று.

வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுச் சென்றவர்களில் சைகோ தகாமோரி, ஓகுமா ஷிகேநோபு, இனோவே கவோரு ஆகியோர் முக்கியமானவர்கள். நீதித்துறைக்கு அந்த ஆண்டே எத்தோ ஷிம்பேய் வந்து சேர்ந்தார். நாங்கள் திரும்பும்வரை பெரிய சீர்திருத்தம் எதிலும் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டுதான் தூதுக்குழு புறப்பட்டது. இருந்தவர்கள் அந்த உறுதியைக் காற்றில் பறக்கவிட்டார்கள். மேலே சொன்ன உத்தரவுகளில் பெரும்பாலானவை அப்படிப் பிறந்தவைதான். ஆக, உங்கள் உரைகளில் தொனிக்கும் 'ஒன்றுபட்ட தலைமை' என்ற வாதமே இங்கே ஆட்டம் காண்கிறது. அந்தத் தலைவர்களுக்குள்ளேயே வாக்கு மீறல் இருந்தது. 1873-இல் குழு திரும்பி வந்ததும் கொரியாவோடு மோதுவதா என்ற விவகாரத்தில் சண்டை முற்றி, சைகோவும் எத்தோவும் பதவியை விட்டே விலகினார்கள். இருவருமே பிறகு அரசை எதிர்த்துக் கலகத்தில் இறங்கி உயிரிழந்தார்கள்.

அடுத்தது பணம். 1871-இல் சிற்றரசுகளை ஒழித்த புதிய அரசு, அவற்றின் கடன்களையும் சாமுராய்களுக்குப் பரம்பரையாகக் கொடுத்துவந்த மானியத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. கஜானாவில் காசில்லை. 1872-இன் பல அதிசயங்களுக்குப் பின்னால் இந்த ஓட்டைக் கஜானா இருக்கிறது. நாட்காட்டிக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அதுவரை ஜப்பானில் நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய நாட்காட்டி வழக்கில் இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் வரும். அடுத்த ஆண்டான மெய்ஜி 6-இல் அப்படி ஓர் அதிக மாதம் விழவிருந்தது. அதாவது பதின்மூன்று மாதங்கள். அரசு ஊழியர்களுக்கோ அப்போது மாதச் சம்பள முறை வந்துவிட்டது. பதின்மூன்றாவது மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது? ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவரான ஓகுமா, இந்தக் கணக்கும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார்.

1872 டிசம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது. பழைய கணக்கில் அது பதினோராம் மாதம் 9-ஆம் தேதி. வரும் பன்னிரண்டாம் மாதம் 3-ஆம் நாளை மெய்ஜி 6-இன் ஜனவரி 1 என்று கொள்க என்றது உத்தரவு. அறிவிப்புக்கும் புத்தாண்டுக்கும் நடுவே இருந்தது 23 நாள். கடைசி மாதத்துக்கு வாய்த்தது இரண்டே நாள். இரண்டு நாள் மாதத்துக்குச் சம்பளம் எதற்கு என்று அதையும் அரசு கொடுக்கவில்லை. ஆக, வரும் ஆண்டின் அதிக மாதம் ஒன்று, ஓடும் ஆண்டின் கடைசி மாதம் ஒன்று என இரண்டு மாதச் சம்பளம் மிச்சம்.

ஊழியர்களை விடுங்கள். அடுத்த ஆண்டுக்கான பழைய நாட்காட்டிகள் அதற்குள் அச்சாகி விற்பனைக்குப் போயிருந்தன. அவை அத்தனையும் பழைய காகிதமாயின. வருஷக் கடைசியில் கடன் கணக்கைத் தீர்ப்பது அங்கே வழக்கம். ஒரு மாதம் இருக்கிறது என்று நம்பிய கடைக்காரரும் கடன்காரரும் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நேரக் கணக்கும் கூடவே மாறியது. விடியலுக்கும் அந்திக்கும் நடுவே ஆறு பங்கு, இரவுக்கு ஆறு பங்கு, பருவத்துக்குப் பருவம் பங்கின் நீளம் மாறும் என்பது பழைய முறை. அதற்கென்றே நுட்பமாகச் செய்யப்பட்ட உள்ளூர்க் கடிகாரங்கள் அழகுப் பொருளாகிவிட்டன. எதற்காக இந்த மாற்றம் என்று மக்களுக்கு விளக்கியது அரசு அல்ல, ஃபுகுசாவா யுகிச்சி என்ற எழுத்தாளர். அவர் அவசரமாக எழுதிய சிறு நூல் அமோகமாக விற்றது.

அவசரத்தில் இன்னொன்றும் நடந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்று எழுதிய உத்தரவு, நூற்றாண்டு முடியும் ஆண்டுகளுக்கு உள்ள விதிவிலக்கை எழுத மறந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் 1900-இல் ஜப்பானில் பிப்ரவரி 29 வந்திருக்கும். 1898-இல் ஓர் அரசாணை போட்டுத்தான் அதைச் சரிசெய்தார்கள். கிராமங்களோ புதுத் தேதியை அலுவலகத்துக்கு வைத்துக்கொண்டு, விதைப்புக்கும் பண்டிகைக்கும் பழைய கணக்கையே வெகுகாலம் பார்த்துவந்தன. மேலிருந்து ஒரு சொல் வந்ததும் கீழே மறுசொல் இல்லை என்கிறீர்களே, இந்த ஒரு கதைக்கே அது பொருந்தவில்லை.

ரயிலுக்கு வருவோம். 1872 அக்டோபர் 14 அன்று பேரரசர் மெய்ஜி ஏறிவர, தோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு முதல் ரயில் முறைப்படி ஓடியது. தூரம் 29 கிலோமீட்டர், நேரம் 53 நிமிடம். நடந்தால் ஒரு பகல் போய்விடும். உங்கள் உரைகளில் இது தவறாமல் வரும். இதற்கான பணம் லண்டனில் 9 சதவீத வட்டிக்குத் திரட்டிய பத்து லட்சம் பவுண்டு கடனிலிருந்து வந்தது என்பது வராது. தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மோரெல் என்ற ஆங்கிலேயர் திறப்பு விழாவைப் பார்க்காமல் 1871-இலேயே யோகோஹாமாவில் காசநோயால் இறந்துபோனதும் வராது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தகானவாக் கடல்கரைச் சங்கதி. பாதை போகவேண்டிய இடத்தில் படைத்துறையின் நிலம் இருந்தது. ரயிலுக்குக் காசைக் கரைப்பதைவிடப் படைக்குச் செலவிடலாம் என்பது அந்தத் துறையின் எண்ணம். நிலத்தை அளக்கக்கூட விடவில்லை. என்ன செய்வது? ரயில்காரர்கள் கடலுக்குள் இறங்கினார்கள். கரையை ஒட்டிச் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லடுக்கிக் கரைபோட்டு அதன்மேல் தண்டவாளம் வைத்தார்கள். உள்ளே இருக்கும் மீனவர்களின் படகு கடலுக்குப் போகவேண்டுமே என்று கரையில் ஆங்காங்கே இடைவெளி விட்டுப் பாலம் கட்டினார்கள். பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நகரம் வளர்ந்தபோது அந்தக் கரை மண்ணுக்குள் போய்விட்டது. ஷினாகவா நிலையத்தை ஒட்டி வேலை நடந்தபோது 2019-இல் கல் வரிசைகள் வெளியே தெரிந்தன. அதில் ஒரு பகுதியை இப்போது தேசிய வரலாற்றுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் ஒத்துப்போகாமல் வேலை சுற்றிவளைத்துப் போவது நம் ஊருக்கு மட்டும் உரிய சாபம் என்று அடுத்தமுறை சொல்ல நினைத்தால், தகானவாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலில் கீழ்வகுப்புக் கட்டணம் 37 சென் 5 ரின். மேல்வகுப்பு அதைப்போல் மூன்று மடங்கு. இந்த எண்ணைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வாருங்கள்.

கல்விச் சட்டம் 1872 செப்டம்பரில் வந்தது. கல்லாத வீடு ஊரில் இருக்கக் கூடாது, கல்லாத ஆள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அதன் முன்னுரையின் சாரம். ஆண், பெண், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. இதைவிட உயர்ந்த குறிக்கோள் அந்தக் காலத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். திட்டமோ பிரம்மாண்டம். நாட்டை 8 பல்கலைக்கழக வட்டமாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 32 நடுநிலைப் பள்ளி வட்டம், அது ஒவ்வொன்றிலும் 210 தொடக்கப் பள்ளி. பெருக்கினால் 53,760 தொடக்கப் பள்ளிகள்.

செலவு யாருடையது என்று அதே முன்னுரை ஒளிக்காமல் சொல்லிவிட்டது. கல்வி உன் சொந்த உயர்வுக்கான முதல், எனவே அரசை எதிர்பார்க்காதே என்பது அதன் தொனி. தொடக்கப் பள்ளிக் கட்டணம் மாதம் 50 சென், முடியாதவருக்கு 25 சென் என்று வகுத்தார்கள். ரயிலில் ஒருமுறை கீழ்வகுப்பில் போவதே பலருக்கு எட்டாத காலத்தில், முழுக் கட்டணம் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் அதைவிடக் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும். போதாக்குறைக்குப் பள்ளிச் செலவுக்கென்று ஊர்வரி வேறு. வயலில் களை பறிக்கவும் தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இருந்த கையும் போகும். 1873-இல் பள்ளி வயதுப் பிள்ளைகளில் சேர்ந்தவர் நூற்றுக்கு 28 பேர். பெண் பிள்ளைகளில் 15 பேர். 53,760 பள்ளி எங்கே, அந்த ஆண்டு உண்மையில் இருந்த 12,000 சொச்சம் எங்கே? அவற்றிலும் பெரும்பாலானவை கோயிலிலும் வீட்டிலும் நடந்தவை. புதிய உத்தரவுகளை எதிர்த்து 1873-இல் எழுந்த கலவரங்களின்போது சில இடங்களில் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள்.

படிப்பின் மேல் வெறுப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1869-இல், கியோத்தோ நகரத்தார் தெருவுக்குத் தெரு பணம் போட்டு 64 தொடக்கப் பள்ளிகளைத் திறந்திருந்தார்கள். மாட்சுமோட்டோ நகரில் 1876-இல் எழுந்த கைச்சிப் பள்ளிக் கட்டடத்துக்கு ஆன செலவில் பெரும்பங்கு ஊர்மக்கள் கொடுத்த நன்கொடை. உள்ளூர்த் தச்சர் ஒருவர் மேலைநாட்டுக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து தன் கைப்பக்குவத்தில் கட்டிய அந்தப் பள்ளி இன்று தேசியப் பொக்கிஷம். தங்கள் ஊர்ப் பள்ளி என்று தோன்றிய இடத்தில் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். தலையில் கட்டிய இடத்தில் தீ வைத்தார்கள். 1879-இல் அரசு 1872-இன் சட்டத்தையே விலக்கிக்கொண்டு வேறொன்று கொண்டுவந்தது. அதையும் மறு ஆண்டே திருத்தியது. 1900-இல்தான் கட்டாயக் கல்விக்கு அரசுப் பள்ளிகளில் கட்டணம் கூடாது என்றானது. அதன்பின் சில ஆண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் பள்ளியில் இருந்தார்கள். ஜப்பானியப் பள்ளிக்கூடத்தின் வெற்றியைப் பேசும்போது 1872-ஐச் சொல்கிறீர்கள், 1900-ஐ விட்டுவிடுகிறீர்கள். நடுவில் இருக்கும் 28 ஆண்டுகளும் அரசு தன் உத்தரவைத் தானே அடித்துத் திருத்திய ஆண்டுகள்.

தொமியோகா பட்டாலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1872 நவம்பரில் குன்மாப் பகுதியில் அரசே திறந்த ஆலை. பால் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரரின் மேற்பார்வை, 300 பேர் உட்கார்ந்து நூல் எடுக்கும் வசதி, செங்கல் கட்டடம், கடல்கடந்து வந்த கண்ணாடிச் சன்னல். கட்டடம் தயார், இயந்திரம் தயார், வேலைக்குத்தான் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பெண்களின் இரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. அவர்கள் குடித்த சிவப்பு ஒயின்தான் வதந்திக்கு வித்து. ஆலைத் தலைவர் ஒடாகா அட்சுதாதா கடைசியில் தம் பதின்ம வயது மகள் யூவை முதல் தொழிலாளியாகச் சேர்த்துக் காட்டினார். அதன் பிறகே மற்றவர்கள் வந்தார்கள், பலரும் மானியம் குறைந்துபோன சாமுராய் வீட்டுப் பெண்கள். சுமார் எட்டு மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை என்று அங்கே நிலைமை மோசமில்லை. ஆலைதான் லாபம் பார்க்கவில்லை. 1893-இல் மிட்சுயி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பிறகு தனியார் ஆலைகள் பெருகியபோது சூவா ஏரிக்கரையில் பெண்கள் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் உழைத்தார்கள். கோஃபு நகரின் பட்டாலைப் பெண்கள் 1886-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்வார்கள். கொடி பிடிக்காத நாடு என்று ஜப்பானைச் சொல்லும் முன் அந்தப் பெண்களைக் கொஞ்சம் நினையுங்கள்.

1872-இன் இன்னொரு நிகழ்ச்சி உங்கள் உரைகளில் வந்து நான் கேட்டதே இல்லை. ஜூலையில் மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் புயலில் அடிபட்டு யோகோஹாமாத் துறைமுகத்தில் ஒதுங்கியது. மக்காவ் துறைமுகத்திலிருந்து பெருவுக்குக் கூலி ஒப்பந்தத்தில் ஏற்றிச் சென்ற 200-க்கும் மேற்பட்ட சீனர்கள் அதில் இருந்தார்கள். ஒருவர் கடலில் குதித்து நீந்தி, அருகே நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் அடைக்கலம் கேட்டார். விவகாரம் வெளியே வந்தது. பெருவோடு ஜப்பானுக்கு ஒப்பந்தமே கிடையாது, வம்பு எதற்கு என்று சிலர் தயங்கினார்கள். வெளியுறவுப் பொறுப்பில் இருந்த சோயெஜிமா தனெயோமி விசாரித்தே தீருவது என்று நின்றார். கனகாவா நிர்வாகத்தின் ஓயே தாகு நீதிபதி இருக்கையில் அமர்ந்து, கூலிகளை விடுவித்தார். பெரு புகார் சொல்ல, வழக்கு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 1875-இல் ஜப்பான் பக்கமே தீர்ப்பு வந்தது.

பெருமைப்படத் தக்க கதைதான். ஆனால் விசாரணையின்போது கப்பல் தலைவனின் வழக்கறிஞர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். கூலி ஒப்பந்தம் அடிமைத்தனம் என்கிறீர்களே, உங்கள் நாட்டில் பெண்களை முன்பணம் கொடுத்து விலைமகளிர் விடுதியில் ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும் ஒப்பந்தம் என்ன? அப்படி ஒரு பத்திரத்தையே மன்றத்தில் காட்டினார். அரசுக்குள் இதைப் பற்றிய யோசனை ஏற்கெனவே இருந்தது. இந்த அவமானம் அதை முடுக்கிவிட்டது. நவம்பரில் அந்தப் பெண்களை விடுவிக்கும் ஆணை வந்தது. பின்னாலேயே நீதித்துறையின் விளக்கமும் வந்தது. இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்து மாடு குதிரைகள்போல் ஆகிவிட்டவர்கள், மாட்டிடமும் குதிரையிடமும் எவரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, எனவே கடன் செல்லாது என்றது அது. பெண்ணுக்கு நன்மை செய்யும்போதே அவளை மாடென்று சொல்லிச் செய்த சட்டம்.

வெளியே வந்த பெண்ணுக்குப் பிழைப்புக்கு வழி? அதைப் பற்றி ஆணை வாய் திறக்கவில்லை. விடுதிக்காரர்கள் அறை வாடகைக்கு விடுகிறோம், பெண்கள் தாங்களாக வந்து தொழில் செய்கிறார்கள் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1873-க்குள் தோக்கியோ நிர்வாகம் அதற்கு உரிமமும் விதிகளும் கொடுத்துவிட்டது. உரிமம் பெற்ற அந்த அமைப்பு ஒழிய 1946 ஆயிற்று. உத்தரவு போட்டால் ஊர் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் படிக்கவேண்டிய பாடம் இது.

ஆண்டின் கடைசி வாரம், டிசம்பர் 28. ஒரே தேதியில் இரண்டு ஆவணங்கள். ஒன்று, கட்டாயப் படைச்சேவை பற்றிய அறிவிப்பு. மற்றது, அரசு அதிகாரிகள் மேல் சாதாரணக் குடிமக்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற எத்தோ ஷிம்பேயின் நீதித்துறை ஆணை. முதலாவதை எல்லாரும் சொல்கிறீர்கள், இரண்டாவதை ஒருவரும் சொல்வதில்லை. இரண்டாவது வந்த சில மாதத்துக்குள் ஓனோ என்ற வணிகக் குடும்பம் கியோத்தோ நிர்வாகத்தின் மேலேயே வழக்குத் தொடுத்தது.

படைச்சேவை அறிவிப்பில் 'இரத்த வரி' என்றொரு மேலைநாட்டு உவமை நுழைந்திருந்தது. பிள்ளைகளைப் பிடித்துப்போய் இரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று கிராமங்கள் அஞ்சின. அஞ்சுவதற்கு உண்மையான காரணமும் இருந்தது. 270 யென் கட்டினால் விலக்கு என்று சட்டமே சொன்னது. பணக்காரன் பிள்ளைக்கு வழி திறந்திருந்தது. குடும்பத் தலைவருக்கும் வாரிசுக்கும் விலக்கு உண்டு என்பதால், பிள்ளையில்லாத வீட்டுக்குத் தத்துப்போய்த் தப்பித்தவர்கள் ஏராளம். 1873 மேயில் மேற்கு ஜப்பானின் மிமாசாகாவில் பெருங்கலகம் வெடித்தது.

இங்கே நானும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மறுத்தவர்கள் எல்லாரும் நியாயவான்கள் என்று கதை கட்டினால் உங்கள் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டதாகிவிடும். மிமாசாகாக் கலகக்காரர்கள் அதிகாரிகளை மட்டும் தாக்கவில்லை. 1871-இல் தீண்டாமைப் பட்டத்திலிருந்து சட்டப்படி விடுபட்ட மக்களின் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள், கொன்றார்கள். தங்களுக்குக் கீழே இருந்தவர்கள் தலைநிமிர்வது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரசும் இதில் சுத்தமில்லை. 1872-இல் நாடு முழுவதும் எடுத்த முதல் குடும்பப் பதிவேட்டில் 3 கோடியே 31 லட்சம் பேர் பதிவானார்கள். விடுபட்ட அந்த மக்களின் பெயரருகே பழைய அடையாளம் தெரியும்படி சில ஊர்களில் எழுதிவைத்தார்கள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஆளைத் தோண்டிப் பார்க்க அந்த ஏடு கைகொடுத்தது. 1968-இல்தான் அதை யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிட்டார்கள். மூதாதையர் பெயரருகே எழுதிய ஒரு குறிப்பு 96 ஆண்டுகள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் துரத்தியிருக்கிறது.

ரயில் திறந்த மறுநாளுக்கு மறுநாள், அக்டோபர் 16 அன்று, ரியூக்யூத் தீவுகளின் மன்னர் ஷோ தாயை ஜப்பானியச் சிற்றரசர் என்று தோக்கியோ அறிவித்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1879-இல் அந்தச் சிற்றரசையும் ஒழித்து ஒகினாவா மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். உங்கள் உரையில் ஜப்பான் அடிமைப்படாமல் தப்பிய நாடு. ஷோ தாயின் குடிகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

நண்பர்களே, இத்தனையும் சொன்னது அந்த ஆண்டைச் சிறுமைப்படுத்த அல்ல. எனக்கு 1872 மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. காசில்லாத ஓர் அரசு, பாதித் தலைவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில், இவ்வளவுக்கும் துணிந்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவுகளில் எழுதியபடியே நிலைத்தவை மிகச் சில. நாட்காட்டியைத் திருத்தினார்கள். கல்விச் சட்டத்தைக் கைவிட்டார்கள். நிலத்துக்குப் பத்திரம் கொடுத்து, 1873-இல் நில மதிப்பில் 3 சதவீதம் என்று போட்ட வரியை, 1876-இல் உழவர்கள் கொதித்தெழுந்ததும் மறு ஆண்டு தொடக்கத்திலேயே இரண்டரை சதவீதமாகக் குறைத்தார்கள். பள்ளிக் கட்டணம் போயிற்று. எங்கெல்லாம் கீழேயிருந்து வந்த மறுப்பை மேலே இருந்தவர்கள் காதில் வாங்கினார்களோ, அங்கெல்லாம் சீர்திருத்தம் வேர் பிடித்தது. எங்கெல்லாம் மறுப்பை நசுக்கினார்களோ, அங்கே விளைந்ததும் நமக்குத் தெரியும். 1889-இல் படைச்சேவை விலக்குகளை எடுத்துவிட்டு, பிள்ளைகளைச் சந்தடியில்லாமல் படைக்கு அனுப்பப் பழகிய நாடு 1945-இல் போய் நின்ற இடத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபேச்சு பேசாத மக்கள் என்று நீங்கள் புகழும் அந்தக் குணத்துக்கு ஜப்பான் கொடுத்த விலை அது.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த உரையில் ரயிலைச் சொன்னால் வட்டியையும், பள்ளியைச் சொன்னால் கட்டணத்தையும், படையைச் சொன்னால் 270 யென்னையும் சேர்த்தே சொல்லுங்கள். மக்கள் வாய்மூடிக் கீழ்ப்படிந்ததால் ஜப்பான் உயர்ந்தது என்ற வரியை உரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு 1872-இல் ஆதாரம் இல்லை.

பேசி முடித்ததும் "நேரமாகிவிட்டது" என்று மைக்கை அணைத்துவிடாமல், கேள்வி கேட்கவும் பத்து நிமிடம் விடுங்கள். 1872-ஐப் பற்றிக் கேட்க எங்களிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஒரு வாசகன்